எச்.ஐ.வி. ஒருவருக்குச் சீக்கிரமும் இன்னொருவருக்கு மெதுவாகவும் முற்றுவது ஏன்? வைரஸ் ரகம் மாறினால் வேகமும் மாறுமா?

கேள்வி இது: ஏறத்தாழ ஒரே சமயத்தில் எச்.ஐ.வி. தொற்றிய இரண்டு பேர். மருந்து எளிதில் கிடைக்காத காலம். ஒருவர் நான்கே வருடத்தில் எய்ட்ஸ் கட்டத்துக்குப் போய்விட்டார். மற்றவர் 12 வருடம் வேலைக்குப் போய்வந்துகொண்டு சாதாரணமாக இருந்தார். “அவருக்கு வந்தது வேற ரக வைரஸா, இல்ல உடம்புவாகே அப்படியா?”

இரண்டும்தான். ஆனால் ‘இரண்டும்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது பதில் ஆகாது. நுண்ணுயிரியல் பாடம் எடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒருமுறையாவது வகுப்பில் வந்துவிடும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வேகத்தை எப்படி அளக்கிறோம் என்று பார்ப்போம். இரண்டு எண்கள். ஒன்று சி.டி.4 செல் எண்ணிக்கை; எச்.ஐ.வி. குறிவைத்து அழிக்கும் எதிர்ப்புசக்தி வெள்ளணுக்கள் இவை. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் கட்டம். மற்றது வைரல் லோட், அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் பிரதிகள் என்பது. தொற்றிய முதல் சில வாரங்களில் இது தாறுமாறாக ஏறி, பிறகு இறங்கி, ஆளுக்கு ஆள் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். சிலருக்கு ஆயிரத்தில் நிற்கும், சிலருக்கு லட்சத்தைத் தாண்டி நிற்கும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு வேகமாக சி.டி.4 கரையும். மருந்தே எடுக்காதவருக்குத் தொற்றிலிருந்து எய்ட்ஸ் வரை சராசரியாகப் பத்து வருடம் என்பார்கள். அந்தச் சராசரிக்குள்ளேதான் இரண்டு வருடக்காரரும் இருக்கிறார், இருபது வருடக்காரரும் இருக்கிறார்.

அந்த ‘நிற்கும் மட்டம்’ ஆளுக்கு ஆள் மாறுவதில் எவ்வளவு பங்கு வைரஸுடையது? ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வைரஸ் போகும்போது அந்த மட்டமும் கூடவே போகிறதா என்று, வைரஸின் வம்சாவளியை வரைந்து பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வில் கிடைத்த விடை ஏறத்தாழ 30 சதவீதம். மனிதனின் மரபணுக்களுக்குக் கால் பங்கு போல வருகிறது. மீதி வயது, கூடவே இருக்கும் காசநோய் போன்ற தொற்றுகள், அப்புறம் எதிலும் அடங்காத தற்செயல்.

அதெப்படி ஒரே பெயருள்ள வைரஸுக்குள் இவ்வளவு வித்தியாசம்? எச்.ஐ.வி.யின் மரபணு மொத்தமே சுமார் 9,700 எழுத்துகள்தான். அதைப் பிரதி எடுக்கும் நொதி அவசரக்கார எழுத்தர். எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும் பழக்கமே அதற்குக் கிடையாது. மருந்து எடுக்காத ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் உருவாகின்றன என்று 1990-களிலேயே கணக்கிட்டுவிட்டார்கள். அத்தனை பிரதியிலும் பிழை நுழைந்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். மரபணு வரிசையைப் படிக்கும் கருவி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறத்தில் ஒரு முகட்டை வரையும்: ஏ பச்சை, ஜி கறுப்பு, சி நீலம், டி சிவப்பு. ஒரே நோயாளியின் எச்.ஐ.வி.யைப் படிக்கும்போது சில இடங்களில் பச்சை முகட்டுக்குள்ளேயே ஒரு கறுப்பு முகடு நிற்கும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் “சாம்பிள் கலந்துபோச்சு சார்” என்பார்கள். கலக்கவில்லை. அந்த இடத்தில் அவர் உடம்பிலேயே இரண்டு எழுத்துக்காரர்களும் குடியிருக்கிறார்கள். ஒருவர் உடம்புக்குள் இருப்பதை ஒரு வைரஸ் என்பதைவிட ஒரு கூட்டம் என்பதே சரி.

இப்போது ரகங்களுக்கு வருவோம். மிகப் பெரிய பிரிவு எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 என்பது. முதலாவதில் உலகெங்கும் பரவியது சிம்பன்சியிடமிருந்து வந்தது. இரண்டாவது, மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே என்ற குரங்கிடமிருந்து வந்தது. இவை இரண்டும் மரபணுவில் பாதிக்குப் பாதி வேறு. வேகத்திலும் அப்படித்தான். கினி-பிசாவ் நாட்டுக் காவலர்களை 1990-லிருந்து இருபது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. பணியில் இருக்கும்போது தொற்று வந்தவர்கள் என்பதால் எப்போது வந்தது என்பது ஓரளவு தெரியும். இந்த மாதிரி ஆய்வில் அதுதான் பொன் போன்றது. எய்ட்ஸ் வரை போக எடுத்த இடைநிலைக் காலம் எச்.ஐ.வி.-1-க்கு 6.2 வருடம், எச்.ஐ.வி.-2-க்கு 14.3 வருடம். ஒரே ஊர், ஒரே வேலை, ஒரே சாப்பாடு. வைரஸ் மட்டும் வேறு. ஒன்று கவனியுங்கள்: எச்.ஐ.வி.-2 ‘சாது’ என்று பாடப்புத்தகங்களில் எழுதுவது தப்பு. அதுவும் எய்ட்ஸில்தான் கொண்டுபோய் விடுகிறது, தாமதமாக.

எச்.ஐ.வி.-1-க்குள் எம் என்ற குழுவில் ஏ, பி, சி, டி என்று உட்பிரிவுகள் போகின்றன. இரண்டு உட்பிரிவுகள் கலந்து பிறந்த கலப்பினங்களும் ஏராளம். இவற்றுக்குள் வேகம் மாறுமா என்பதற்கு நல்ல சோதனைக்களம் உகாண்டா, ஏனென்றால் அங்கே ஏ-யும் டி-யும் ஒரே கிராமத்தில் புழங்குகின்றன. அங்கு ராக்காய் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. எய்ட்ஸ் வரை போக ஏ-க்கு 8 வருடம், டி-க்கு 6.5 வருடம், கலப்பினங்களுக்கு 5.6 வருடம். செனகலில் பாலியல் தொழிலாளர்களிடையே 1999-இல் வெளியான ஆய்விலும் ஏ-தான் மெதுவானது. மற்ற உட்பிரிவுக்காரர்களுக்கு எய்ட்ஸ் வரும் வாய்ப்பு எட்டு மடங்கு.

டி ஏன் வேகம் என்பதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. எச்.ஐ.வி. ஒரு செல்லுக்குள் நுழைய, அந்தச் செல்லுக்குப் பெயர் தந்த சி.டி.4 என்ற மேற்பரப்புப் புரதக் கதவு மட்டும் போதாது, பக்கத்தில் இன்னொரு தாழ்ப்பாளும் வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் சிசிஆர்5 என்ற தாழ்ப்பாளைத் திறக்கும் வைரஸ்தான் பரவும். சிலருக்குப் பல வருடம் கழித்து, வைரஸ் உறையின் வி3 என்ற வளையத்தில் ஒன்றிரண்டு எழுத்து மாறி, சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு தாழ்ப்பாளையும் திறக்கக் கற்றுக்கொள்ளும். புதிதாக உருவாகும் டி செல்களில் (சி.டி.4 செல்கள் சேர்ந்த வெள்ளணு வகை; டி ரகத்தோடு சம்பந்தமில்லாத பெயர்) இந்த இரண்டாவது தாழ்ப்பாள்தான் அதிகம். அதனால் இருப்பு கரைவதோடு வரத்தும் அடைபடுகிறது. டி ரகத்தில் இந்த வித்தை தெரிந்த வைரஸ்கள் மற்றவற்றைவிட அதிகம், அதுவும் சீக்கிரமே தலைகாட்டுகின்றன. தாய்லாந்தில் பரவிய ஏஇ கலப்பினத்திலும் இதே போக்கு.

இதைப் பழைய முறையில் பார்த்தால் மறக்கவே முடியாது. எம்டி-2 என்று ஒரு செல் வகை. அதில் சிசிஆர்5 கிடையாது, சிஎக்ஸ்சிஆர்4 மட்டும் உண்டு. நோயாளியின் ரத்த செல்களை அதோடு சேர்த்து வளர்த்து தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சாதாரண வைரஸ் என்றால் ஒன்றும் நடக்காது. வித்தை தெரிந்த வைரஸ் என்றால், சில நாளில் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோசைக்கல்லில் அடுத்தடுத்து ஊற்றிய மாவு ஓரம் சேர்ந்துகொள்வது போல, ஒரே பெரிய உப்பலாக நிற்கும். 1990-களில் ஆம்ஸ்டர்டாமில் இந்தச் சோதனையை வைத்தே, உப்பல் தெரிந்தவர்களின் சி.டி.4 மற்றவர்களைவிட வேகமாகச் சரிகிறது என்று காட்டினார்கள்.

நம் ஊர் நிலவரம் என்ன? 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு படித்த வரிசைகளைப் பார்த்தால் இந்தியாவில் மிகப் பெரும்பான்மை சி ரகம்தான். தென்னாப்பிரிக்காவிலும் அதுவே. உலகத் தொற்றில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு ரகம். இது மெதுவானதா வேகமானதா என்று கேட்டால் ஆய்வுகள் எதிரெதிராக இழுக்கின்றன. உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளின் 303 பெண்களைத் தொடர்ந்தபோது, சி தொற்றியவர்களின் சி.டி.4 மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு மெதுவாகக் குறைந்தது. பல ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்த்த இன்னொரு ஆய்வு, ஏ-யைவிட சி வேகம் என்றது. என் கருத்து, ‘சி’ என்ற ஒற்றை எழுத்துக்குள் அடைக்க முடியாத அளவு வேறுபாடு அதற்குள்ளேயே இருக்கிறது. உட்பிரிவு என்பது ஜாதகத்தில் ராசி மாதிரி, அதை மட்டும் வைத்து ஆளைச் சொல்லிவிட முடியாது.

அந்த உள்வேறுபாட்டுக்கு பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் உதய்குமார் ரங்கா குழுவினர் செய்த வேலை அருமையான உதாரணம். வைரஸின் ‘ஸ்விட்ச்’ பகுதியில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் வந்து ஒட்டும் இடங்கள் பி ரகத்தில் இரண்டு, சி ரகத்தில் மூன்று. இந்தியாவில் நான்கு இடங்கள் உள்ள சி வகைகள் தோன்றிப் பெருகுவதை இவர்கள் கண்டார்கள். ஒட்டுமிடம் கூடினால் வைரஸ் இன்னும் உரத்து ஓடும். இன்னொரு கண்டுபிடிப்பு டாட் என்ற புரதத்தில். அதன் 31-ஆவது இடத்தில் மற்ற ரகங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கும், சி-யில் பெரும்பாலும் செரின். அந்த ஒற்றை மாற்றத்தால் மூளைப் பக்கம் வெள்ளணுக்களை இழுக்கும் திறன் குறைகிறது. எச்.ஐ.வி.யால் வரும் கடும் மறதிநோய் இந்தியாவில் குறைவாகப் பதிவாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உட்காரவைத்து நுட்பமாகச் சோதித்தால் நினைவிலும் கவனத்திலும் சிறு குறைபாடுகள் இங்கும் தெரிகின்றன.

இதுவரை சொன்னதிலெல்லாம் ஒரு சந்தேகத்துக்கு இடம் உண்டு: ரகமும் வேறு, ஆளும் வேறு. ஒரே வைரஸ் பல உடம்புக்குள் போனால்? மனிதர்களை வைத்து அப்படிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் சிட்னியில் அது தற்செயலாக நடந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில், எச்.ஐ.வி. பரிசோதனை என்று ஒன்று வருவதற்கு முன்பு, தொற்று இருந்த ஒருவர் ரத்தம் கொடுத்தார். அது எட்டுப் பேருக்கு ஏற்றப்பட்டது. வேறு வேறு வயது, வேறு வேறு நோய்க்காக ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். வழக்கப்படி பார்த்தால் பலர் சில வருடத்தில் எய்ட்ஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பத்து வருடம் தாண்டியும் கொடையாளிக்கும் எச்.ஐ.வி. நோய் இல்லை, பெற்றவர்களுக்கும் இல்லை. 1995-இல் வைரஸைப் பிரித்துப் படித்தபோது காரணம் தெரிந்தது. நெஃப் என்ற மரபணுவிலும் அதையொட்டிய ஸ்விட்ச் பகுதியிலும் ஒரு துண்டே காணோம். நெஃப் இல்லாமல் வைரஸ் உயிர்வாழும். ஆனால் தொற்றிய செல்லை நம் காவல் செல்களின் கண்ணிலிருந்து மறைக்கும் வேலையை அதுதான் செய்கிறது. மறைவு போனதும் வைரஸ் அடங்கிவிட்டது.

கதை அங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நெஃபை வெட்டிய குரங்கு வைரஸையே தடுப்பூசியாக்கலாம் என்று 1990-களில் பெரிய நம்பிக்கை இருந்தது. குட்டிக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கு எய்ட்ஸ் வந்தது. சிட்னி கொடையாளிக்கும் சி.டி.4 மெல்ல இறங்கி, 1999-இல் மருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவிலேயே சிலருக்கு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருபது வருடத்துக்கு மேலும் அடங்கியே இருந்தது. ஒரே ஊனமுற்ற வைரஸ்தான். வேகத்தை முழுசாக மாற்றியது அதன் மரபணு. அதற்குள்ளும் மிச்சமிருந்த வித்தியாசம் அவரவர் உடம்பு.

எதிர்த்திசைக்கு நெதர்லாந்து. 2022 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி அப்போது பரபரப்பாக ஓடியது, ‘புதிய கொடிய எச்.ஐ.வி.’ என்று தலைப்பு போட்டார்கள். உண்மையில் அது புதிதல்ல. பி ரகத்தின் ஒரு கிளை, 1990 வாக்கில் தோன்றி 2000-களில் பரவி, 2010-க்குப் பிறகு குறைந்துகொண்டிருந்தது. விபி கிளை என்று பெயர் வைத்தார்கள். முதலில் 17 பேர், பிறகு நெதர்லாந்து பதிவேட்டைத் துழாவி மொத்தம் 109 பேர். இவர்களின் வைரல் லோட் மற்ற பி ரகக்காரர்களைவிட 3.5 முதல் 5.5 மடங்கு அதிகம், சி.டி.4 இரண்டு மடங்கு வேகத்தில் சரிவு. முப்பதுகளில் இருக்கும் ஒரு ஆண், மருந்து எடுக்காவிட்டால், நோய் கண்டறிந்த நாளிலிருந்து சி.டி.4 எண்ணிக்கை 350-க்கு வர வழக்கமாக 36 மாதம் ஆகும். விபி-யில் 9 மாதம். எந்த மாற்றம் இதைச் செய்தது? அங்கேதான் சிக்கல். நூற்றுக்கணக்கான எழுத்துகள் மரபணு முழுக்கச் சிதறி மாறியிருக்கின்றன. சிட்னி மாதிரி ‘இந்தத் துண்டுதான்’ என்று விரலை வைக்க முடியவில்லை.

ஆளுக்கும் வைரஸுக்கும் நடுவே நடப்பது இன்னொரு கணக்கு. தொற்றிய செல்லை நம் காவல் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ மரபணுக்களில் பி57, பி27 என்ற வடிவங்கள் உள்ளவர்கள் வைரஸின் காக் என்ற உட்கூட்டுப் புரதத்தைக் குறிபார்த்துத் தாக்குகிறார்கள். வைரஸ் தப்பிக்க அந்த இடத்தை மாற்றிக்கொள்ளும். ஆனால் அது வைரஸுக்கு எலும்பு போன்ற பகுதி, மாற்றினால் தானே நொண்டும். அப்படி நொண்டிய வைரஸ் பி57 இல்லாத ஒருவருக்குப் போனால் அவருக்கும் சில காலம் லாபம். மெல்ல மெல்லப் பழைய எழுத்துக்குத் திரும்பிவிடும். ஜாம்பியாவில், கணவன் மனைவியரில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிய கணத்துக்கு அருகிலேயே வைரஸைப் பிடித்து, அந்தக் காக் பகுதி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று அளந்தார்கள். வேகமாகப் பெருகும் வைரஸைப் பெற்றவரின் சி.டி.4 சீக்கிரம் சரிந்தது. வைரல் லோட் ஒரே மாதிரி இருந்தவர்களிடம்கூட இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆக, வைரல் லோடே எல்லாம் என்று நான் மேலே சொன்னதற்கு இது ஒரு திருத்தம்.

“வைரஸ் போகப்போக சாந்தமாகிவிடும் என்கிறார்களே?” என்றும் கேட்பார்கள். போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கப் பெண்களை ஒப்பிட்ட 2014 ஆய்வு அந்தத் திசையில் ஒரு சான்று. தொற்று முன்பே பரவிய போட்ஸ்வானாவில் வைரஸ் பெருகும் திறன் குறைந்திருந்தது. உகாண்டாவிலும் டி குறைந்து ஏ கூடிவருகிறது. ஆனால் விபி அதற்கு நேர் எதிர். அதிக வைரல் லோட் இருந்தால் சீக்கிரம் பரப்பலாம், ஆனால் ஆள் சீக்கிரம் விழுந்துவிடுவார். குறைவாக இருந்தால் நீண்ட காலம் நடமாடலாம், ஆனால் பரவாது. நடுவில் எங்கோ ஓர் இடம் வைரஸுக்கு லாபம். கருணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது அந்த இரண்டு பேருக்குத் திரும்புவோம். அவர்கள் காலத்தில் யாரும் அவர்களுடைய வைரஸை வரிசைப்படுத்தியிருக்க மாட்டார்கள். எது காரணம் என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்று ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) சென்டரில் பதிவாகும் ஒருவருக்கு இந்த வேகக் கணக்கு பெரிதும் பொருந்தாது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் சேர்ந்த மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் ஏ, சி, டி, விபி எல்லாமே அடங்குகின்றன. விபி ஆய்வே சிகிச்சைக்குப் பிறகு வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்கிறது. கண்டறிந்தவுடனே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இலும் இந்தியா 2017-இலும் மாறியதில் இதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது: யாருக்கு 9 மாதம், யாருக்கு 36 மாதம் என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மாத்திரையை விட்டுவிட்டு எடுத்தால் மட்டும் அந்தப் பச்சை-கறுப்பு முகடு திரும்ப வரும். பிரதி எடுக்கும் நொதியின் 184-ஆவது இடத்துக் குறியீட்டில் ஏ என்ற எழுத்து இருந்த இடத்தில் ஜி நுழைந்துவிட்டால் லாமிவுடின் பலிக்காது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாற்றம் வைரஸையும் கொஞ்சம் நொண்டவைக்கிறது.

உட்பிரிவு என்ன என்று காசு கொடுத்துச் சோதிக்கத் தேவையில்லை. ஆனால் எச்.ஐ.வி.-1-ஆ, 2-ஆ என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இந்தியாவில் இரண்டாவது குறைவுதான், இல்லாமல் இல்லை. நெவிராபின், எஃபாவிரென்ஸ் வகை மருந்துகள் அதன்மேல் வேலை செய்வதில்லை. அதோடு, வழக்கமான வைரல் லோட் பரிசோதனைகள் எச்.ஐ.வி.-1-ஐ மட்டுமே எண்ணும். ரிப்போர்ட்டில் ‘வைரஸ் தென்படவில்லை’ என்று வந்துகொண்டே இருக்க, சி.டி.4 மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால், டாக்டரிடம் இந்த ஒன்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.